பாதிப் பாட்டின் முழு ரசிகர்கள்

பாதி ரசிகர் என்று ஓர் இனம் உண்டு. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் உங்கள் வீட்டிலேயே ஒன்றிரண்டு உலவிக்கொண்டிருக்கும். பாட்டில் பாதிதான் இவர் கைக்கு வந்திருக்கும், சண்டைக்கு மட்டும் முழுதாக வந்து நிற்பார். மீதிப் பாதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதுல ஒண்ணும் இல்ல" என்பார். பார்த்தீர்களா என்றால், "அத வேற பாக்கணுமா" என்பார்.

அப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே கடையில் வைத்துக்கொண்டு ஒருத்தி படாதபாடு பட்டாள். சலவைக் கடை. இஸ்திரி போடுகிறவர் அவள் புருஷன், துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவன் அவள் தம்பி. இருவரையும் கட்டி மேய்ப்பது அவள் வேலை.

எல்லோரும் கொண்டாடும் ஒரு பாடகியின் புதுப்பாட்டு வந்தது. போயிற்று கடையின் நிம்மதி.

புருஷன் பாட்டைக் காதால் மட்டும் கேட்டவர். காதில் இயர்போன், கண் சட்டைக் காலரில்; கண் நகர்ந்தால் சட்டை கருகும். அவருக்கு அது பிரிந்து போகிறவள் தொண்டை அடைக்கப் பாடுகிற பாட்டு. கேட்டுக் கேட்டு அவர் உருகியதில் ஒரு சொட்டுக் கண்ணீர் இஸ்திரிப் பெட்டியில் விழுந்து சுர்ரென்றது. கேட்டால் நீராவி என்றார். தம்பியோ கண்ணால் மட்டும் பார்த்தவன். சோப்புத்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருப்பான். மெஷின்கள் போடுகிற கூச்சலில் சத்தம் எங்கே கேட்கும்? படத்தில் மொட்டைமாடி, மஞ்சள் குடைகள், கூட்டம் கூட்டமாக ஆட்டம், நடுவில் வாய் நிறையச் சிரிக்கும் பாடகி. ஈரத்துணியை உதறும்போது அவன் இடுப்பும் கூடவே ஆடும்.

"என்னமா குத்துப்பாட்டு போட்டிருக்கா, மாமா" என்றான் ஒருநாள்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. "குத்துப்பாட்டா? அவ அழுவுறாடா."

"சிரிக்கிறா மாமா. அவ அழுததை நீங்க பாத்தீங்களா?"

"அவ சிரிச்சதை நீ கேட்டியா?"

அன்றோடு பேச்சு நின்றது. துணி காய்ந்ததா என்று புருஷன் பெண்டாட்டியைக் கேட்பார், அவள் தம்பியைக் கேட்பாள், "காஞ்சிடுச்சுன்னு மாமாகிட்ட சொல்லுக்கா" என்பான் அவன். இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு துணிக்கூடை.

சட்டையை இப்படித் தூது விட்டுக்கொண்டே மடித்துவிடலாம். பெட்ஷீட்டை எப்படி மடிப்பது? இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, முனையைக் கையில் கொடுத்து வாங்கினால்தான் மடிப்பு. அவளுக்கோ தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியாது. லாட்ஜ் பெட்ஷீட்டுகள் அம்பாரமாகக் கிடந்தன. சாயங்காலம் வண்டி வரும். இன்னொரு தடவை தாமதமானால் வேறு கடைக்குப் போய்விடுவோம் என்று லாட்ஜ் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த லாட்ஜ் போனால் கடையே போனது போலத்தான்.

இருவரும் முனையைப் பிடித்தார்கள். விறைப்பாக இழுத்துப் பிடித்தார்கள். அப்படியே நின்றார்கள். முதல் அடி வைக்கிறவன் பாட்டை விட்டுக்கொடுத்தவன் ஆகிவிடுவானாம்.

அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு போய் மெஷின்களை நிறுத்தினாள். புருஷன் காதிலிருந்த இயர்போனை உருவினாள். தம்பியின் போனை இஸ்திரி மேசைமேல் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு முழுசா பாருங்க. வண்டி வர்ற நேரம்."

பார்த்தார்கள். பாடகி தொண்டை அடைக்கப் போய்வருகிறேன் என்று பாடிக்கொண்டே, குடையைச் சுழற்றிச் சிரித்து ஆடினாள். பாட்டு முடிந்தது.

"நல்ல பாட்டு. ஆட்டத்தைப் போட்டு கெடுத்துட்டாங்க" என்றார் அவர்.

"நல்ல ஆட்டம் மாமா. ஒப்பாரியைச் சேத்து நாசம் பண்ணிட்டாங்க."

"மொத்தத்துல ஏமாத்திட்டா, மாப்ள."

"அதேதான் மாமா."

அவ்வளவுதான். முனையைப் பிடித்தார்கள், நடந்தார்கள், மடித்தார்கள். பாடகியை வாயார வைய வைய, பெட்ஷீட்டுகள் கிடுகிடுவென்று அடுக்கில் ஏறின. வண்டி வந்து ஹாரன் அடித்தபோது கடைசி மடிப்பு.

அவளுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று. புறப்படுகிறவள் சிரித்துக்கொண்டுதானே புறப்பட வேண்டியிருக்கிறது. கல்யாணத்தன்று அவளும் அப்படித்தான் புறப்பட்டாள். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் மடிப்பு நின்றுவிடும்.

சரி, நீங்கள் யார் பக்கம்? புருஷனா, தம்பியா, அவளா? இதற்குள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பீர்களே. சாயுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? நீங்கள் பாட்டைக் கேட்கவும் இல்லை, படத்தைப் பார்க்கவும் இல்லை. அவர்களிடமாவது பாதி இருந்தது.