ஒப்பிட்டுப் பார்த்த முழங்கால்

பிரேக் மாஸ்டருக்கு வலது முழங்கால் போய்விட்டது.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் அவர் வாத்தியார். கற்றுக்கொள்ள வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக வைத்திருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பதுதான் அவருடைய உத்தியோகம். வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார்கள். மாஸ்டர் உயிரைப் பிடித்துக்கொள்வார். இப்படிப் பல வருஷமாக ஊர் உயிரையெல்லாம் காப்பாற்றிய கால், ஒரு நாள் மாடிப்படியில் மடங்கி உட்கார்ந்துகொண்டு, இனிமேல் ஆளை விடு என்று சொல்லிவிட்டது.

அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மூட்டு தேஞ்சுபோச்சு. மாத்திடலாம். செலவு ஒண்ணும் கிடையாது, வரிசையில காத்திருக்கணும், அவ்வளவுதான்," என்றார்.

மாஸ்டர் காத்திருந்தார். ஒருவழியாக ஆபரேஷனுக்குத் தேதியும் கிடைத்தது. அந்தத் தேதிக்கு முந்தின வாரம் சட்டம் வந்தது.

வரிசை நீளம் என்று ஜனங்கள் ரொம்ப நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அமைச்சகம் கூடி ஆராய்ந்தது. டாக்டர்களைக் கூட்டினால் வரிசை குறையும். நோயாளிகளைக் கழித்தாலும் குறையும். இரண்டாவது வழி சிக்கனமாகவும் நிர்வாக ரீதியில் தூய்மையாகவும் பட்டது. ஆகவே 'குடிமக்கள் உடல்நலத் தேர்வுச் சுதந்திர விரிவாக்கச் சட்டம்' பிறந்தது. இனி யாரும் இலவசம் என்கிற இழிநிலையில் நிற்க வேண்டியதில்லை. அவரவர் தமக்கென்று ஒரு காப்பீட்டுத் திட்டத்தைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டலாம். தேர்ந்தெடுக்காதவர்களுக்கு அபராதம். ஒப்பிட்டுப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கும் அபராதம். ஒப்பிடாமல் எடுத்த முடிவு சுதந்திரமான முடிவு ஆகாது என்று சட்டத்தின் முன்னுரையிலேயே போட்டிருந்தது.

எலும்புப் பிரிவு இருந்த அறையில் ஒப்பீட்டு மையம் திறந்தார்கள். கட்டில்களை எடுத்துவிட்டு மேஜைகள் வந்தன. எலும்புக்கூட்டுப் படத்தை மட்டும் கழற்றுவதற்கு உத்தரவு வராததால் அது சுவரிலேயே சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக்கொடுத்தபடி ஒப்பீட்டு அலுவலர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"வாங்க. எதை ஒப்பிடணும்?"

"முழங்காலுங்க."

"காலை ஒப்பிட முடியாதுங்க. திட்டத்தைத்தான் ஒப்பிடணும். 'நிம்மதி', 'பெரு நிம்மதி', 'பரம நிம்மதி'ன்னு மூணு இருக்கு."

"நிம்மதியில என்ன கிடைக்கும்?"

"எல்லாமே கிடைக்கும். நோயைத் தவிர."

"அப்போ பெரு நிம்மதி?"

"அதுல நோயும் உண்டு. ஆனா உங்க காலைப் பார்த்தா இது ஏற்கெனவே வந்த நோய் மாதிரி இருக்கே. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு இதுல இடமில்லைங்க. புதுசா வர்ற நோய்க்குத்தான்."

"வலி வர்றதுக்கு முன்னாடியே நான் சேர்ந்திருக்கணுமா?"

"அதான் புத்திசாலித்தனம்."

"வலி வந்தப்போ சட்டமே வரலையேம்மா!"

"அது உங்க அவசரங்க. அதுக்கு அரசாங்கம் என்ன பண்ணும்?"

பரம நிம்மதியில் எல்லாம் உண்டு, பழைய நோயும் உண்டு. மாஸ்டருக்கு முகம் மலர்ந்தது. எவ்வளவு என்று கேட்டார். அலுவலர் அம்மா சொன்னார். மலர்ந்த முகம் மலர்ந்தபடியே உறைந்துபோயிற்று. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

"கேட்டுட்டு வாங்க. ஆனா நீங்க வர்றதுக்குள்ள விலை மாறிடும்."

"ஒப்பிட்டு முடிக்கிற வரைக்குமாவது நிக்காதா?"

"நின்னா அதுக்குப் பேரு விலை இல்லைங்க, சிலை."

வீட்டில் அவர் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துக்கு உடுப்பு தைத்துக்கொடுக்கிறவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாயில் கடித்திருந்த நூலைத் துப்பினாள்.

"அது இருக்கட்டும். நாளைக்கு வண்டியில யாரு பிரேக் மிதிக்கறது? நேத்து அந்த வக்கீல் வீட்டு அம்மா நேரா ரொட்டிக் கடைக்குள்ள போயிருப்பாங்களாமே?"

"போயிருப்பாங்க. கதவு சின்னதா இருந்ததால தப்பிச்சோம்."

"நான் வர்றேன். இத்தனை வருஷம் மிஷின் மிதிச்ச கால் இது."

மறுநாளிலிருந்து மனைவி முன் சீட்டில் உட்கார்ந்தாள். மாஸ்டர் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "அமுக்கு! ... விடு! ... அமுக்கு!" என்று கத்தினார். அவள் அமுக்கினால் கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. சில சமயம் அவர் கத்தாமலேயே நின்றது. "நாய்க்குட்டி ஒண்ணு பார்த்துச்சுங்க," என்பாள். அது நடைபாதையில் ஓரமாகப் படுத்திருக்கும். இருந்தாலும் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அவளையே பிடித்துப்போயிற்று. மாஸ்டரைப் போல அவள் பெருமூச்சு விடுவதில்லை.

ஆனால் மாஸ்டரின் கால் நாளுக்கு நாள் வீங்கியது. ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. செருப்பை மாட்டிவிடுவதற்குக்கூட மனைவி குனிய வேண்டியிருந்தது. அவள் தையலை விட்டு எழுந்து வந்து மாட்டிவிடுவாள். அவளுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாஸ்டருக்கு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எதையாவது ஒண்ணை எடுத்துத் தொலைங்களேன்," என்றாள் ஒரு நாள்.

"எடுக்கலாம். ஒப்பிட்டுக்கிட்டே இருந்தா அபராதம் இல்லையாம். எடுத்த மறுநாள் விலை குறைஞ்சிடுச்சுன்னா?"

இதற்குள் தெருவே மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் பார்த்துக்கொண்டால், சாப்பிட்டாயா, சௌக்கியமா என்று கேட்பார்கள். இப்போது, "நீங்க எதுல இருக்கீங்க?" என்று கேட்டார்கள். சலூன்காரர் பெரு நிம்மதியில் இருப்பதாகக் கண்ணாடியில் எழுதியே வைத்துவிட்டார். மூலை வீட்டுப் பல் டாக்டர் குடும்பம் பரம நிம்மதி. அவர்கள் தும்மினால்கூட ஒரு தோரணை தெரிந்தது.

மாஸ்டருக்கு உதவி செய்ய மச்சான் முன்வந்தான். மனைவியின் தம்பி, எது புதுசாக வந்தாலும் முதலில் வாங்கிவிட்டு, அது எதற்கு என்று அப்புறம் கேட்கிறவன். அவன் கையில் ஒரு கடிகாரம் மின்னியது.

"மாமா, நிறைய நடக்கிறவங்களுக்குக் கட்டணத்துல தள்ளுபடி தர்றாங்க. எவ்வளவு நடக்கறோம்னு இந்த வாட்ச் எண்ணி, நேரா அமைச்சகத்துக்கு அனுப்பிடும்."

"எனக்கு நடக்க முடியாமத்தானேடா ஆபரேஷனே?"

"நீங்க நடக்க வேண்டாம் மாமா. வாட்ச் நடந்தா போதும்."

கடிகாரத்தை ஒரு காலுறைக்குள் போட்டு, துணி துவைக்கிற மிஷினுக்குள் வைத்துச் சுற்றவிட்டான். மிஷின் குலுங்கக் குலுங்க மாஸ்டர் அமைச்சகத்தின் கணக்கில் ஓடினார். மனைவி அழுக்குத்துணி அத்தனையையும் அந்த வாரமே துவைத்துவிட்டாள். துவைத்ததையும் மறுபடி துவைத்தாள். வாரக் கடைசியில் அமைச்சகத்திலிருந்து பாராட்டுச் செய்தி வந்தது. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை மச்சானை விட்டு உரக்க வாசிக்கச் சொன்னார்.

மறுநாள் மையத்துக்குப் போனபோது அலுவலர் அம்மா எழுந்து நின்று கைகொடுத்தார்.

"உங்களை விளையாட்டு வீரர் பிரிவுக்கு உயர்த்தியிருக்காங்க."

"தள்ளுபடி எவ்வளவு வரும்மா?"

"தள்ளுபடியா? விளையாட்டு வீரர்னா காயம் படற வாய்ப்பு அதிகமாச்சே. கட்டணம் ரெண்டு மடங்குங்க."

"அம்மா, நான் ஓடலை. சத்தியமா நான் ஓடலை. மிஷின்தான் ஓடிச்சு."

"எல்லா வீரர்களும் இப்படித்தாங்க அடக்கமாப் பேசுவாங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அலுவலர் அம்மாவுக்கே இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, மகிழ்ச்சித் தள்ளுபடி என்று ஒன்று புதுசாக வந்திருப்பதைச் சொன்னார். கவலைப்படுகிறவர்களுக்குத்தான் வியாதி வருகிறது என்று அமைச்சகத்தின் வல்லுநர் குழு கண்டுபிடித்திருந்தது. ஆகவே சந்தோஷமாக இருக்கிறவர்களுக்குக் கட்டணம் குறைவு. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தால் போதும். அது அளந்து சொல்லிவிடும்.

மாஸ்டருடைய முகம், எதிரே லாரி வருவதையே பார்த்துப் பார்த்து அமைந்த முகம். சிரிப்புக்கு அதில் பழக்கமில்லை. வீட்டில் மனைவி சொல்லிக்கொடுத்தாள்.

"உதட்டை விரிங்க. இன்னும். கண்ணும் சிரிக்கணும்ங்க."

"கண்ணு எப்படிடி சிரிக்கும்?"

"நம்ம கல்யாண நாளை நினைச்சுக்கோங்க."

மாஸ்டர் நினைத்துக்கொண்டார். மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேண்டாம், வேற எதையாவது நினைங்க," என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. அதை அளக்க அப்போது அங்கே கேமரா இல்லை.

மையத்தில், கேமராவுக்கு முன்னால், மாஸ்டர் தன்னால் முடிந்த மட்டும் சிரித்தார். இயந்திரம் கொஞ்சம் தயங்கிவிட்டு முடிவைச் சொன்னது: 'கடும் வலியில் இருக்கிறார். உடனடி சிகிச்சை தேவை.'

"பார்த்தீங்களா, மிஷினுக்கே தெரியுது!" என்று மாஸ்டர் துள்ளினார். துள்ளியதில் கால் இன்னும் வலித்தது.

"தெரியுதுங்க. ஆனா உடனடி சிகிச்சைன்னா அதுக்குத் தனிக் கட்டணம்," என்றார் அலுவலர் அம்மா. பிறகு தலையணையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "என்னைத் திட்டாதீங்க. உட்கார்ந்தே எனக்கும் முதுகு போச்சு. நானும் இன்னும் ஒப்பிட்டு முடிக்கலை. சாப்பாட்டு நேரத்துலதான் எங்களுக்கு அனுமதி. பாதி ஒப்பிடறதுக்குள்ள மணி அடிச்சிடறாங்க."

இந்த நிலையில்தான் அமைச்சருக்குப் பல் வலித்தது.

அமைச்சர் பரம நிம்மதியில் இருந்தார். அந்தத் திட்டத்தில் பல் என்பது உறுப்பு அல்ல, ஆபரணம் என்று ஒரு விதி இருந்தது. விதியை எழுதிய குழுவுக்குத் தலைவர் அமைச்சரே. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் ஒப்பீட்டு மையத்துக்கு வந்தார்; வரிசையில் நின்றார்; புகைப்படத்துக்குச் சிரிக்க முயன்றார். அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் நடந்தது. மக்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்துச் சட்டம் வாபஸ் பெறப்படுவதாக அறிவித்தார்கள். திட்டங்கள் மூன்றும் ரத்து. கட்டணம் ரத்து. ஆஸ்பத்திரி மறுபடியும் எல்லாருக்கும் இலவசம்.

ஊர் கொண்டாடியிருக்க வேண்டும். கொண்டாடவில்லை. சலூன்காரர் கண்ணாடியைத் துடைக்கும்போது கண்ணையும் துடைத்துக்கொண்டார். நிம்மதிக்காரர்களோடு சேர்ந்து ஒரே பெஞ்சில் உட்காரச் சொல்கிறார்களே என்று பல் டாக்டர் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. "இதுல ஏதோ விஷயம் இருக்கு. சும்மா கொடுப்பாங்களா?" என்றான் மச்சான். மாஸ்டரும் தலையாட்டினார். பார்க்கிறதெல்லாம் விலைப் பட்டியலாகவே தெரிந்து பழகிய கண்ணுக்கு, வெறும் இலவசம் என்பது மொட்டையாக இருந்தது.

எலும்புப் பிரிவுக்குக் கட்டில்கள் திரும்பி வந்தன. பழைய டாக்டரும் திரும்பி வந்தார். மாஸ்டரின் முறை வந்தது. மனைவி மாற்றுத் துணியும் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாகப் பை கட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தாள். பின்னால் ஒரு பெரிய வரிசை. அதில் அலுவலர் அம்மாவும் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் காகிதத்தை நீட்டினார். "இன்னிக்கே சேர்ந்துடுங்க. காலையில ஆபரேஷன். பைசா கிடையாது. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

மாஸ்டர் பேனாவை வாங்கினார். காகிதத்தின் மேல் வைத்தார். எடுத்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இலவசம்னா... எதோட ஒப்பிட்டு இலவசம்?"

டாக்டருக்குப் புரியவில்லை. "எதோடவும் இல்லைங்க. சும்மாவே இலவசம்."

"அது சரி. நான் கேட்கறது என்னன்னா, அடுத்த வாரம் வந்தா இதைவிட ஏதாவது சலுகை இருக்குமா?"

"என்னங்க!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க. எல்லாரும் திட்டப் போறாங்க!"

திட்டுவார்கள் என்றுதான் டாக்டரும் எதிர்பார்த்தார். ஆனால் வரிசையில் சத்தமே இல்லை. கைத்தடி ஊன்றியவர்கள், தோளில் கட்டுப் போட்டவர்கள், சக்கர நாற்காலியில் இருந்தவர்கள், அலுவலர் அம்மா உட்பட எல்லோரும் கழுத்தை நீட்டி, காதை முன்னால் கொடுத்து, டாக்டர் என்ன பதில் சொல்லப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

டாக்டர் நேர்மையான மனுஷர். "அடுத்த வாரத்தைப் பத்தி எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நொண்டிக்கொண்டே வெளியே வந்து, வழியெல்லாம் யாருக்கு வலி அதிகம் என்று ஒப்பிட்டுப் பேசியபடி உற்சாகமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.