உள்ளதே காணும்

வெட்கப்படுகிறவனுக்கு வம்பு வராது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். வாயைத் திறந்தால்தானே வம்பு? அதனால் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டால் பேசாமல் அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருவேன். நான் வேலை செய்கிற, பாண் சுடுகிற தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என்னைப் பல வருடமாக வேறு யாரோ ஒருவரின் பெயரால் கூப்பிடுகிறார். இன்னும் திருத்தவில்லை. (இப்போது அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்புகிறேன்.) அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு சொல்லை, அதையும் வாயால் அல்ல, விரலால் சொல்லி, இல்ஃபோர்டில் எங்கள் தெரு முழுவதற்கும் கள்ளனானேன்.

எல்லாம் ஓர் அடுப்பால் வந்தது. எங்கள் முன்னறையில் குளிர்காலத்தில் மீனை மேசைமேல் வைத்தாலும் பழுதாகாது. கேஸ் ஹீற்றரைக் கூட்டினால் பில் பயமுறுத்தும். குறைத்தால் என் மனைவி வசந்தி கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து சீரியல் பார்ப்பாள். ஆகவே பெலெட் அடுப்பு ஒன்று பூட்டினோம். மரத்தூளை அழுத்திக் கோழித்தீன் மாதிரிச் சின்னக் குச்சிகளாக்கிப் பையில் கட்டி விற்கிறார்கள். அதுதான் பெலெட். அடுப்பின் தலையில் கொட்டிவிட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று எரியும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஈரம் பட்டால் குச்சிகள் ஊதி, உடைந்து, மறுபடி மரத்தூளாகிவிடும்.

அடுப்புக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்றால், எங்கள் மகள் தர்சினி கஜன் என்ற பெடியனை விரும்பியிருந்தாள். அவனுடைய தாய் தகப்பன் மோர்டனிலிருந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரப்போகிறார்கள். தகப்பன் கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் என்று எல்லாவற்றிலும் தலைவராக இருந்தவர். "குடும்பத்தைப் பார்த்த பிறகுதான் என்ர முடிவைச் சொல்லுவன்" என்று மகனிடம் சொல்லியிருந்தாராம். எங்கள் குடும்பத்தில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருக்கிற அறையையாவது சூடாகக் காட்டுவோம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த கேள்வி: ஒரு குளிர்காலத்துக்கு எவ்வளவு பெலெட் வாங்குவது?

அடுப்புப் பூட்ட வந்தவனிடம் கேட்டிருக்கலாம். வெட்கம். அவன் போகும்வரை குசினியில் நின்று அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டே இருந்தேன். (மூன்று முறை.) பிறகு எனக்குத் தெரிந்த ஒரே கணக்கில் இறங்கினேன். எங்கள் வீட்டில் அரிசியைச் சுண்டால் அளப்போம். பால்மா ரின்னளவுள்ள சின்னப் பேணி அது. இரண்டு பேருக்கு இத்தனை சுண்டு, விருந்தாளி வந்தால் இத்தனை சுண்டு என்று எனக்கு அத்துப்படி. ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு மாலை முழுவதும், அடுப்போடு சேர்த்துத் தந்த பையிலிருந்து அடுப்புக்குச் சுண்டால் அளந்து போட்டேன்.

"என்னப்பா செய்யிறியள்?" வசந்தி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"கணக்குப் பார்க்கிறன்."

"அது அரிசிச் சுண்டு! நாளைக்குச் சோத்துக்க மரத்தூள் கிடந்தால் நீங்கள்தான் தின்னவேணும்."

மறுநாள் கிடந்தது. நான்தான் தின்றேன். ஆனால் விடை கிடைத்துவிட்டது. ஒரு பை இரண்டு மாலைக்கு. குளிர்காலம் ஒக்டோபரிலிருந்து மார்ச். பெருக்கிப் பார்த்தால் ஒரு டன். என் வாழ்நாளில் நானாகப் போட்ட முதல் பெரிய கணக்கு அது. பாண் தொழிற்சாலையில் அன்றைக்குக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

கொம்பனிக்கு போன் எடுத்து ஆங்கிலத்தில் பேசுவது என்னால் ஏலாத காரியம். அதற்குப் பக்கத்து வீட்டுச் சரவணன் இருந்தான். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை, தனிக்கட்டை. "அண்ணே, நீங்க எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க, நான் ஆர்டர் போட்டுர்றேன்" என்றான். எங்கள் வீட்டுக்கு முன்னால் லொறி இறக்க இடமில்லை என்பதால் தன் வீட்டு முற்றத்தில் இறக்கச் சொல்லித் தன் பெயரிலேயே ஓடர் போட்டுவிட்டு, அந்தக் கிழமை அலுவலக வேலையாக மான்செஸ்டர் போய்விட்டான்.

பெலெட் வந்தது. நான் ஷிப்ட் முடிந்து வந்து, ஒவ்வொரு பையாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வளவு ஷெட்டில் அடுக்கினேன். ஷெட் கழுத்துவரை நிரம்பியது. முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சரவணனிடமிருந்து வட்ஸ்அப் வந்தது.

"அண்ணே, பெல்லட் வந்துருச்சா? போதுமா?"

இரண்டு கேள்வி. எனக்கு ஒன்றுக்குப் பதில் எழுதவே அரைமணி நேரம் ஆகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்லில் பதில் எழுதினேன்.

"காணும்."

எங்கள் தமிழில் இதைவிடத் தெளிவான பதில் இல்லை. சோறு போடும்போது கையைக் கோப்பைக்கு மேல் பிடித்துக் "காணும்" என்றால், போதும், இனிப் போடவேண்டாம் என்று பொருள். "காணாது" என்றால் இன்னும் வேண்டும். பெலெட் வந்திருக்கிறது, போதுமானது. வேறென்ன வேண்டும்?

சரவணன் உடனே பதில் போட்டான்: "அய்யய்யோ! கவலைப்படாதீங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

போதும் என்பதற்கு இவன் ஏன் ஐயோ என்கிறான் என்று ஒரு கணம் யோசித்தேன். இந்தியத் தமிழர்கள் எதையும் கொஞ்சம் உணர்ச்சியாகத்தான் சொல்வார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்து, கும்பிடுகிற படம் ஒன்றை அனுப்பினேன்.

சனிக்கிழமை, விருந்துக்கு முதல்நாள், ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன். சரவணன் வீட்டு முற்றத்தில் இன்னொரு டன்.

"ஏனப்பா திரும்பவும் வாங்கினனீங்கள்?" என்று வசந்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நான் வாங்கேல்லை."

"அப்ப ஆர் வாங்கினது? நாளைக்கு அவையள் வருகினம். வாசலில மலை மாதிரிக் கிடக்குது!"

பாவம் பிள்ளை, ஒரு டன் காணாது என்று நினைத்து அன்பில் வாங்கிவிட்டான் என்று நான் விளங்கிக்கொண்டேன். (என் விளக்கங்கள் எல்லாம் இப்படித்தான், சுத்தமாகவும் பிழையாகவும் இருக்கும்.) போன் எடுத்து நேராகக் கேட்டிருக்கலாம். அவன் மனம் நோகுமே என்ற வெட்கம். எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் மிகவும் நாகரிகமாக ஒரு வரி அனுப்பினேன்.

"தம்பி, உள்ளதே காணும்."

பதில் வந்தது: "அடப்பாவிங்களா! இதை விடமாட்டேன் அண்ணே!"

அப்படியென்றால் இவன் வாங்கவில்லை, பிழையாகக் கூடுதலாக அனுப்பிய கொம்பனிக்காரரைத் திட்டுகிறான் என்று நினைத்து, மறுபடியும் கும்பிடுகிற படத்தை அனுப்பினேன்.

ஞாயிறு காலை மழை தூறத் தொடங்கியது. நனைந்தால் அத்தனையும் மரத்தூள். ஷெட்டில் இடமில்லை. மிச்சமிருந்த ஒரே காய்ந்த இடம், விருந்தாளிகளுக்காக வசந்தி துடைத்து வைத்திருந்த முன்னறை. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தர்சினி மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, பிளீஸ், இண்டைக்கு ஒரு நாள் மட்டும் நோர்மலா இருங்கோ!"

மழைக்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, சரவணன் முற்றத்திலிருந்து ஒவ்வொரு பையாகத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடினேன். அரைவாசி முடிந்திருக்கும். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தன் நாயோடு வந்து பாதையை மறித்து நின்றார்.

எதிரெதிரே குடியிருந்தும் அவரும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கண்டதெல்லாம் குனிந்த தலையோடு போகிற ஓர் உருவத்தைத்தான். இன்றைக்கும் தொப்பிக்குக் கீழே பாதி முகத்தைத்தான் பார்க்கிறார்.

"இந்தப் பை உன்னுடையதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்த நாட்டில் நான் முதலில் படித்த சொல் "சொறி". காலை மிதித்தவனுக்கும் அதைத்தான் சொல்லுவேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.

"சொறி."

"அப்படியென்றால் உன்னுடையது இல்லை!"

"இல்லை... ஓம்... பக்கத்து வீட்டு..."

"பக்கத்து வீட்டுக்காரருடையது. தெரியும்." கிழவர் தன் போனை உயர்த்திக் காட்டினார். எங்கள் தெருவுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. சத்தம் வரக்கூடாது என்று நான் அதை அடைத்து வைத்திருந்தேன். அதில் முதல்நாள் இரவு சரவணன் எழுதியிருந்தான்: தன் வீட்டு வாசலில் இறக்கிய பெலெட்டை யாரோ இரண்டாம் முறையும் திருடிவிட்டார்கள், தூக்குகிறவனைக் கண்டால் பிடித்து வையுங்கள்.

பிடித்து வைத்தார். நாயும் உதவி செய்தது. பக்கத்துக் கதவுகள் திறந்தன. குழுவில் பெயர் மட்டும் கண்டிருந்த எல்லோரையும் அன்று முகம் முகமாகக் கண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் ஒரு மணி என்றால் இரண்டரைக்கு வருவார்கள். அந்தத் தைரியத்தில்தான் நான் பை தூக்கிக்கொண்டிருந்தேன். கஜனின் தகப்பன் மட்டும், தலைவராக இருந்து பழகியவர், மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார். கோட், டை, கையில் பழத்தட்டு.

"என்ன பிரச்சினை?" என்று கிழவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்த ஆள் களவெடுக்கிறான். கேட்டதும் மன்னிப்பும் கேட்டுவிட்டான்."

கஜனின் தகப்பன் என் தொப்பிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இவரோ பொம்பிளையின்ர தகப்பன்?"

கஜன் தலையைக் குனிந்துகொண்டான். (மருமகனாவதற்குரிய தகுதி அவனிடம் அப்போதே தெரிந்தது.) மேல்மாடி யன்னலில் தர்சினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஒரு தகப்பன் பேசியே ஆகவேண்டும். நான் வாயைத் திறந்தேன். வந்தது மறுபடியும் "சொறி".

அந்தக் கணத்தில் ஒரு டாக்ஸி வந்து நிற்க, உருளும் பெட்டியோடு சரவணன் குதித்து இறங்கினான்.

"அண்ணே! திருடனைப் புடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு" என்றார் கஜனின் தகப்பன், என்னைக் காட்டி.

"அய்யோ, இவருதான் சார் பறிகொடுத்தவரு!"

"நான் ஒண்டும் பறிகுடுக்கேல்லைத் தம்பி" என்றேன். அது மட்டும் எப்படியோ வெளியே வந்தது.

"அண்ணே, நீங்கதான காணும், காணும்னு மெசேஜ் போட்டீங்க? முதல் லோடைக் காணும்னதும் கம்பெனிக்காரன்கிட்ட எவ்ளோ சண்டை போட்டு ரெண்டாவது வாங்கினேன் தெரியுமா? அடுத்த நாளே 'உள்ளதே காணும்'னு போடறீங்க! இருந்ததையும் தூக்கிட்டானுங்கன்னு நெனச்சு எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல!"

கஜனின் தகப்பன் கையை நீட்டிச் சரவணனின் போனை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். ஒருமுறை யாழ்ப்பாணத் தமிழில், ஒருமுறை மதுரைத் தமிழில். உதடு அசைந்தது. பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. பழத்தட்டிலிருந்து ஒரு மாதுளை உருண்டு நாயின் காலடியில் போய் விழுந்தது.

"எங்கட தமிழில காணும் எண்டால் போதும். இந்தத் தம்பியின்ர தமிழில காணும் எண்டால் துலைஞ்சு போச்சு," என்று சிரிப்புக்கிடையில் மனைவிக்கு விளங்கப்படுத்தினார். பிறகு என் தோளில் கையைப் போட்டார். "நாங்கள் சீதனம் ஒண்டும் வேண்டாம் எண்டுதானே சொல்லியனுப்பினனாங்கள்? நீங்கள் களவெடுத்தெண்டாலும் தரப் பார்க்கிறியள் போல கிடக்கு."

எதிர்வீட்டுக் கிழவருக்கு இந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்ல மூன்று பேர் முயன்றார்கள். அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் மிச்சப் பைகளைத் தூக்க அவரும் வந்தார்.

முன்னறையில் கதிரை வைக்க இடமில்லை. பைகளின்மேல் படுக்கை விரிப்பைப் போட்டு, கோயில் சபைத் தலைவரையும் அவர் மனைவியையும் அதில் இருத்தினோம். அடுப்பு எரிந்தது. கோட்டைக் கழற்றினார், பிறகு டையையும் கழற்றினார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே வசந்தியைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, பிள்ளையளின்ர விஷயத்தில எனக்கு ஓம்தான். இந்த மனுசன் பொய் சொல்லமாட்டார். மெய் சொல்லவே இவ்வளவு கஷ்டப்படுறார்."

கொம்பனிக்காரரிடம் உண்மையைச் சொல்லி இரண்டாவது டன்னுக்கும் காசு கட்டினோம். சரவணன்தான் பேசினான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கணக்காவது சரி என்ற பெருமை எனக்கு மிஞ்சியிருக்கும். ஒக்டோபர் தொடக்கத்தில், மெல்லிய குளிரில், அடுப்பை மிகக் குறைத்து வைத்துச் சுண்டால் அளந்தவன் நான். தை மாதம் பிறந்ததும் அடுப்பு கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தவன் போலத் தின்னத் தொடங்கியது. மாதம் முடியுமுன் ஷெட் வெறுமையாகிவிட்டது. முன்னறைப் பைகள் இருந்திராவிட்டால் வசந்தி மறுபடியும் தொப்பி போட்டுத்தான் சீரியல் பார்த்திருப்பாள்.

"அந்தப் பிள்ளை பிழையா விளங்கினபடியால்தான் நாங்கள் விறைக்காமல் இருக்கிறம்" என்று அவள் இன்றைக்கும் சொல்லுகிறாள். அதாவது, என் "காணும்" மதுரைத் தமிழில் பொய், யாழ்ப்பாணத் தமிழிலும் பொய். ஒரே சொல்லில் இரண்டு பொய் சொல்ல எல்லோராலும் ஏலாது.

தர்சினியும் கஜனும் கலியாணம் கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, சரவணனும் கூட. வசந்தி என் கோப்பையில் இரண்டாம் முறை சோறு போட வருவாள். நான் மறந்துபோய்க் கையை மேலே பிடித்து "காணும்" என்பேன். உடனே சம்பந்தியார் மேசைக்குக் கீழே குனிந்து தேடுவார். சரவணன் போனை எடுத்து, "கம்பெனிக்குச் சொல்லட்டுமா அண்ணே?" என்பான். மருமகன் எழுந்து கதவைப் பூட்டுவான், கள்ளன் தப்பாமல் இருக்க.

நானும் பழக்கதோஷத்தில் சொல்லிவிடுகிறேன்: "சொறி."