கை படாத தண்ணீர்

“எட்டுப் போத்தல்,” என்றார் அப்போதிக்கரி. “ஒரு நாளுக்கு எட்டுப் போத்தல் நல்ல தண்ணி குடியும். இல்லாட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவன். வெட்டித்தான் கல்லை எடுப்பினம்.”

வீரகத்தி சிறுநீரகக் கல் குத்தும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருந்து கேட்டார்.

“தண்ணிதான் மருந்து. போம்.”

வட்டக்கச்சியில் வாய்க்கால் பூட்டி ஒரு மாதம். வீரகத்தியின் கிணறு உப்பாகிவிட்டது. ஒரு வாய் விழுங்கினால் குமட்டும். நல்ல தண்ணீர் பக்கத்துக் காணியில், சின்னராசாவின் கிணற்றில் இருந்தது.

“இஞ்சேருங்கோ, நான் போய் ஒரு குடம் அள்ளிக்கொண்டு வரட்டே?” என்றாள் மனைவி அருந்ததி.

“அவன்ரை வளவிலையோ? எங்கட அப்பு செத்தாலும் அந்த ஆக்களிட்டைத் தண்ணி வாங்கியிருக்க மாட்டார்.”

“அவர் செத்துத்தானே போனார்.”

அரசாங்கம் வீரகத்திக்கும் சின்னராசாவுக்கும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே அளவு காணி கொடுத்திருந்தது. வீரகத்தி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு வழி இருந்தது. சோடா. அந்த ஆட்களின் கலியாண வீட்டுக்குப் போக நேர்ந்தாலும் வீரகத்தியின் ஆட்கள் சோடா உடைத்துக் குடிப்பார்கள். இயந்திரம் அடைக்கிறது. போத்தல் கழுத்தில் உருளும் கண்ணாடிப் போளை வாயைப் பூட்டுகிறது. தீட்டு நுழைய இடமில்லை.

பரந்தன் சந்தியில் அப்புத்துரையின் சோடாக் கொம்பனி. சைக்கிளில் ஐந்து மைல். எட்டுப் போத்தலைச் சாக்கில் கட்டினார். வழியில் மூன்று வெடித்தன. மீதியைக் குடித்ததும் வயிறு தவில்போல் ஊதியது. அவர் விட்ட ஏப்பத்தில் மாடு கயிற்றை அறுத்தது.

மறுநாள், “காஸ் இல்லாமல் அடைச்சுத் தா,” என்றார்.

“காஸ் தள்ளினால்தானே அண்ணை போளை வாயிலை நிற்கும்?” என்றான் அப்புத்துரை.

போத்தல்களைத் திறந்து வெயிலில் வைத்தார். காஸ் போனது. தண்ணீர் கொதித்தது. அதையும் குடித்தார்.

ஒரு கிழமையில் வலி கூடியது. அப்போதிக்கரி அவருடைய மூத்திரப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேத்தண்ணிச் சாயம்.

“குடிக்கிறனீரோ?”

“ஓம் ஐயா. ஒவ்வொரு நாளும் பத்து மைல் உழக்கிப் போய் வாங்கிக் குடிக்கிறன்.”

“குடிக்கிறதெல்லாம் வேர்வையாப் போகுது, விசர் மனுசா!”

திரும்பும் வழியில், வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்குள் சின்னராசாவின் மாட்டுவண்டி பீப்பாய்களோடு எதிரே வந்தது. தண்ணீர் விற்றே வீட்டுக்கு ஓடு போட்டவன். வண்டியை நிறுத்தினான்.

“அண்ணை, முகம் கறுத்துப்போச்சு. என்ரை கிணத்திலை நீங்களே அள்ளிக் குடியுங்கோ. நான் கிட்டவும் வரமாட்டன்.”

அண்ணை! கல்லைவிட அதுதான் குத்தியது.

ஒழுங்கையில் பாதி வீரகத்தியின் காணி. அன்று பின்னேரமே, வலியோடு வலியாய், ஒழுங்கைக்குக் குறுக்கே வேலிக் கதியால் நட்டு முள்ளுப் போட்டு அடைத்தார்.

“இனி எதாலை வண்டி விடுறான் எண்டு பாப்பம்.”

அருந்ததி நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேலும் இரண்டு நாள் சோடா கிடைத்தது. மூன்றாம் நாள் கொம்பனி பூட்டிக் கிடந்தது. வாசலில் அப்புத்துரை வெறும் போத்தல்களுக்கு நடுவில் கன்னத்தில் கைவைத்து இருந்தான். வீரகத்தி சைக்கிளோடு சரிந்தார்.

“ஒண்டு... ஒரு போத்தல் எண்டாலும் தா, தம்பி.”

“எங்காலை, அண்ணை? சந்திக் கிணறெல்லாம் உப்பு. ஏழு வருசமா வட்டக்கச்சிச் சின்னராசாதான் பீப்பாயிலை தண்ணி தாறவன். ஆரோ ஒரு நாசமாப் போவான் அவன்ரை வண்டிப் பாதையை வேலியடைச்சுப்போட்டானாம். உங்கட பக்கம்தானே, ஆரெண்டு தெரியுமே?”