பெரிய வாத்தியார் சொன்ன ‘ம்ம்ம்’

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்கு வேதம் இரண்டு. ஒன்று பைபிள், இன்னொன்று ‘மேட் இன் ஜெர்மனி’. நம்மவர்கள் வேலை அரைகுறை, வெள்ளைக்காரன் வேலை யுகத்துக்கும் நிற்கும் என்று பள்ளிக்கூடத்தில் பாடமே எடுத்தவள் நான். (வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. வாய் மட்டும் இன்ஸ்பெக்டர் வாய்.)

சிவகாசிப் பக்கம் எங்கள் ஊர் வேதக்கோயிலில் நான்தான் ஆர்கன் வாசிப்பேன். காலால் மிதித்துக் காற்றடிக்கும் ஜெர்மன் ஆர்கன். அதன் துருத்தி கிழிந்தபோது, தீப்பெட்டிக் கம்பெனி ஃபிட்டர் தங்கராஜ், லேபிள் ஒட்டும் பசையாலேயே தோல் ஒட்டிக் கொடுத்தார். (என்னைப் பெண் கேட்டுவிட்டுக் காத்திருந்தவரும் அவர்தான்.)

“பசை தடவுற ஆளுக்கா என்னக் குடுக்கப்போற?” என்று அம்மாவிடம் குதித்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் இறந்தார். யார் என்ன சொன்னாலும் ‘ம்ம்ம்’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளும் மனிதர். அடக்க ஆராதனை அன்று சாயங்காலமே மழை இருட்டு. ஆர்கனை ஒட்டினாற்போல் சவப்பெட்டி, தலைமாட்டில் இரண்டு மெழுகுவத்தி. பாட்டு முடிந்தது. போதகர் கண்ணை மூடி, “ஆண்டவரே, இவர் இளைப்பாறட்டும்” என்றார். ஆமென் வாசிக்கக் காலை மிதியில் வைத்தேன்.

“ம்ம்ம்...”

அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல, பெட்டிப் பக்கமிருந்து வந்தது. பின்வரிசை வாசலுக்குப் பறந்தது. நான் பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் மனைவி மட்டும் எழுந்து பெட்டிமேல் கை வைத்தார்.

“என்னங்க... இருக்கீகளா?”

“ம்ம்ம்... ம்ம்ம்...”

“மூடியத் திறங்கய்யா! அவுக கூப்பிடுறாக!”

அப்போதுதான் தங்கராஜ் கத்தினார். “டீச்சர், கால எடுங்க!”

குனிந்து பார்த்தேன். பயத்தில் என் கால்கள் தடதடவென்று நடுங்கி, மிதியை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தன. எடுத்தேன். சத்தம் தேய்ந்து அடங்கியது. அந்த அம்மா பெட்டிமேல் தலை சாய்த்து அழுததை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கோ அந்த வெட்கத்தைத் தங்கராஜ் தலையில் கொட்டினேன். “ஒங்க பசை விட்ருச்சு! நம்ம ஆளுக வேலை இம்புட்டுத்தான்!”

அடக்கம் முடிந்து வந்து அவர் ஆர்கனைத் திறந்தார். அவர் ஒட்டிய தோல் அப்படியே பிடித்திருந்தது. அதற்கும் உள்ளே, யாரும் கை வைத்திராத மூலையில், விரலால் அழுத்தும் கட்டை ஒன்றின் ஸ்பிரிங்குக்கு முட்டுக்கொடுத்திருந்த காகிதம் உளுத்து நழுவியிருந்தது. கையை எடுத்தும் அந்தக் கட்டை மேலே எழாமல், மிதிக்க மிதிக்க முனகியது அதனால்தான். மடிப்பைப் பிரித்தார். முள் முள்ளான எழுத்தில் ஜெர்மன் செய்தித்தாள்.

எந்த ஊரிலோ எவனோ, இது போதும் என்று செருகிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். இந்நேரம் செத்தும் போயிருப்பான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன் எனக்குப் பின்னால் நிற்பதுபோல முதுகு கூசியது.

“பாவம், அவனையும் சாயங்காலம் லோடு ஏத்தணும்னு வெரட்டியிருப்பாக” என்றார் தங்கராஜ்.

அடுத்த தை மாதம் அவரையே கட்டிக்கொண்டேன். இன்றும் அவர் வேலையில் நான் குறை சொல்ல ஆரம்பித்தால் அவர் குனிந்து என் காலைப் பார்ப்பார். பின்னாலிருந்து பேரப்பிள்ளைகள் சேர்ந்து, “ம்ம்ம்” என்பார்கள்.