நில்லு ஜெராக்ஸும் மஸ்கட் பள்ளிக்கூடமும்

செஞ்சி வட்டத்தில் ஒரு ரகசியம் இன்னும் ரகசியமாகவே இருக்கிறதென்றால், அதை இதுவரை யாரும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை என்று அர்த்தம். எடுத்திருந்தால் நில்லு ஜெராக்ஸ் அதைப் படித்திருப்பார். படித்ததோடு விட்டிருக்கவும் மாட்டார், கேட்காமலே அபிப்பிராயம் சொல்லியிருப்பார்.

தாலுக்கா ஆபீசுக்கு எதிர் வரிசையில் அவர் கடை. பழைய மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, ஸ்கேனர் ஒன்று, உட்கார ஒரு ஸ்டூல். காகிதத்தை நீட்டினால் மற்ற கடைக்காரர்கள் "எத்தனை காப்பி?" என்பார்கள். இவர் "நில்லு" என்பார். வயசு, பதவி, ஆண், பெண் என்ற பேதமெல்லாம் இந்த "நில்லு"வுக்குக் கிடையாது. நெற்றியில் இருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை நிதானமாகப் படிப்பார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் மெஷினின் மூடியைத் திறப்பார். அவசரப்படுகிறவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விடுவார்கள். அவசரத்தில் ஒருமுறை அடிபட்டவர்கள் எல்லாம் இவரிடமே திரும்பி வருவார்கள்.

ஒருநாள் எனக்கு முன்னால் ஒரு வாத்தியார் நின்றிருந்தார். லீவு லெட்டருக்கு ஒரு காப்பி வேண்டும் அவருக்கு. நம்மவர் படித்தார். கண்ணாடிக்கு மேலாக வாத்தியாரைப் பார்த்தார்.

"சார், மாமனார் தவறிட்டார்னு எழுதி இருக்கீங்க."

"ஆமாங்க. திடீர்னு."

"இப்பதான் பத்து நிமிசம் முன்னால ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கினு போனாரு. டீக்கடையில தான் இருப்பாரு, பாருங்க."

வாத்தியார் லெட்டரை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார்.

இன்னொரு தடவை ஒரு விவசாயி கிரயப் பத்திரத்தின் நகலோடு வந்தார். மறுநாள் பதிவு. "வடக்கால உங்க சித்தப்பா நிலம்னு போட்டுக்குது. அவரு உங்களுக்குத் தெக்கால தானே ஏர் ஓட்றாரு?" என்றார் இவர். அந்த மனிதர் கையைக் கிழக்கே நீட்டி, மேற்கே நீட்டி, வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அய்யோ" என்று பத்திரம் எழுதியவரைத் தேடி ஓடினார். ஜெராக்ஸ் எடுக்காமல் ஓடியதால் அன்றைக்கு வியாபாரமும் ஓடிப்போயிற்று. நம்மவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் மாட்டியது போன வருஷம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி கம்பெனியில் வேலை செய்கிறவர். குடும்ப விசா வந்துவிட்டது. எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள், கயல், கதிர். எட்டாவது முடித்து ஒன்பதாவது போகிறார்கள். கயல் பெட்டி கட்டி முடித்து, பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கதிர் வரமாட்டேன் என்று கோட்டை அடிவாரத்தில் கிரிக்கெட் மட்டையோடு சத்தியாகிரகம் செய்துகொண்டிருந்தான். "அங்கயும் நம்ம ஊரு மாதிரி மொட்டைப் பாறை மலைதான்டா, கோட்டைகூட இருக்குது" என்று அவன் அப்பா போனில் ஆசை காட்டினார். "அப்ப நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றான்.

ஊர் மாறுவது பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடம்தான் பிரச்சினை. வாட்ஸ்அப்பில் ஒன்பது பள்ளிகளின் விவரப் புத்தகம் வந்தது. எல்லாப் பள்ளியிலும் ஒரே குழந்தைகள் சிரிப்பது போலத்தான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் எங்கள் குடும்பம் முறைப்படி ஆலோசித்து முடிவெடுத்தது. அதாவது, வீட்டுக்காரரின் மேனேஜர் பிள்ளைகள் அதில் ஒரு பள்ளியில் படிக்கிறார்கள். கயல் அந்தப் பள்ளியின் நீச்சல் குளத்தின் படத்தைப் பார்த்துவிட்டாள். எனக்கு மற்ற எட்டையும் படிக்கப் பொறுமை இல்லை. இரண்டே இரண்டு சீட் மிச்சம், இன்று மத்தியானத்துக்குள் பேப்பர் அனுப்பினால் உறுதி என்று தகவல் வந்ததும், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"இன்னாமா இது?"

"மஸ்கட்டுல பசங்களுக்கு ஸ்கூல் அண்ணே. மார்க் ஷீட், டி.சி., இந்த அப்ளிகேஷன் எல்லாம் ஸ்கேன் பண்ணி உடனே அனுப்பணும்."

"நில்லு."

பன்னிரண்டு பக்கம். இங்கிலீஷ். அவர் ஒவ்வொரு வரியாக உதட்டை அசைத்துப் படிக்க, எனக்குப் பின்னால் பட்டா, சிட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று ஒரு வரிசை ரோட்டுக்கு இறங்கிவிட்டது. நான் செல்போனில் மணி பார்த்தேன். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கம் எறும்பு எழுத்தில் என்னவோ இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

"பசங்களுக்கு இந்தி தெரியுமா?"

"தெரியாது அண்ணே."

"பிரெஞ்சு?"

"அண்ணே, வெளயாடாதீங்க. டைம் ஆவுது."

"நான் வெளயாடல. இந்தா பாரு. தமிழ் எட்டாவது வரைக்கும் தான். ஒம்போதுல இருந்து இந்தி இல்லன்னா பிரெஞ்சு. இதுங்க அ, ஆ-ன்னு ஆரம்பிச்சி ரெண்டு வருசத்துல பத்தாவது பரிச்ச எழுதணும். ஒம்போதுல பேரு பதிஞ்சிட்டா அப்பால மாத்தறது லேசுல நடக்காது."

என் பிள்ளைகளுக்குத் தெரிந்தது தமிழும் இங்கிலீஷும்தான். கதிருக்கு அந்த இங்கிலீஷே தகராறு. ஆனால் தப்பு செய்தவர்களுக்கு முதலில் வருவது கோபம். எனக்கும் அதுதான் வந்தது.

"அதெல்லாம் அவங்க அப்பா விசாரிச்சிருப்பாரு. நீங்க ஸ்கேன் பண்ணுங்க."

"விசாரிச்சிருப்பாரா, விசாரிச்சாரா?"

கேட்டுவிட்டு, டி.சி.க்களின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மெஷினின் சுவிட்சையும் அணைத்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துவிட்டேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஒன்பதாவதில் தமிழ் கிடையாதாமே என்று கேட்டேன். அவர் பரிதாபமாக, "ஸ்விம்மிங் பூல் பெருசா இருந்துச்சு" என்றார்.

நில்லு ஜெராக்ஸ் என் செல்போனை வாங்கி, அதிலிருந்த மற்ற எட்டுப் பள்ளிகளையும் ஒரு காகிதத்தில் பட்டியல் போட்டார். தன் போனை எடுத்தார். இந்த வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன யாரும் அவர் கடையில் பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்காமல் போனதில்லை. முகத்தை மறந்தாலும் பாஸ்போர்ட் போட்டோவை மறக்கமாட்டார். "காதுல கடுக்கன் போட்டவன், சீயமங்கலம், ஓட்டல்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே நம்பரைத் தேடுவார். ஓட்டல்காரர் பரோட்டா பற்றி மட்டும் பேசினார். ஒரு எலக்ட்ரீசியன், கல்யாணமே ஆகாதவர், பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று எங்களையே திருப்பிக் கேட்டார். ஆறாவது போனில் தளவானூர்க்காரர் ஒருவர் கிடைத்தார். பட்டியலில் ஐந்தாவதாக இருந்த பள்ளியின் பஸ் டிரைவர். ஸ்பீக்கரில் போட்டதால் வரிசை முழுக்கக் கேட்டது. பட்டா வேலையை மறந்து எல்லோரும் கடைக்குள் தலையை நீட்டினார்கள்.

"ஒம்போதாவதுக்குத் தமிழ் இருக்குதா அங்க?"

"இருக்குது அண்ணே. பத்தாவதுக்கும் இருக்குது. தமிழ் டீச்சர் என் பஸ்ல தான் வராங்க, மொத சீட்டு."

"சரி. பசங்க பஸ்ஸ விட்டு எறங்கும்போது மூஞ்சி எப்படி இருக்குது?"

"இன்னா அண்ணே கேக்கற?"

"மூஞ்சிடா. மூஞ்சி எப்படி இருக்குது?"

"காலையில தூங்கி வழியுதுங்க. மதியம் கத்தி, சண்ட போட்டுக்கினு எறங்குதுங்க. காது போவுது எனக்கு."

"அந்த நீச்சல் குளம் ஸ்கூலு?"

"அந்த பஸ்ஸும் எங்க ஸ்டாப்புல தான் நிக்கும். அதுங்க கப்சிப்னு எறங்கும். பாத்தா பாவமா இருக்கும்."

போனை வைத்தார். "சண்ட போடுதுங்களாம். நல்ல ஸ்கூல்தான்" என்றார். வரிசையும் தலையாட்டியது. வருமானச் சான்றுக்கு வந்த அம்மா ஒருத்தர், "அதுலயே சேத்துடு தாயி" என்று எனக்கு உத்தரவே போட்டுவிட்டார். அன்று மாலை என் வீட்டுக்காரர் நேரில் போய் விசாரித்தார். தமிழ் இருந்தது, சீட்டும் இருந்தது. மைதானம் வெறும் மணல், நீச்சல் குளம் கிடையாது. கயல் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. சேரவேண்டுமென்றால் ஆன்லைனில் ஒரு நுழைவுத் தேர்வு எழுதவேண்டும், அவ்வளவுதான்.

தேர்வு நாளன்று எங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து கரண்ட் போய்விட்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேறு எங்கே போவேன்? அவருடைய கம்ப்யூட்டரில் கயல், என் லேப்டாப்பில் கதிர். கடை வாசலில் கயிற்றைக் குறுக்கே கட்டி, "பரிச்ச நடக்குது, ஒரு மணி நேரம் யாரும் வராதீங்க" என்று அறிவித்துவிட்டார். மெஷின் சத்தம் கேட்கக்கூடாதாம். தாலுக்கா ஆபீஸ் பியூனையே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்தார்.

அன்று நான் பார்த்த காட்சி வேறு. கண்ணில் பட்ட காகிதத்தையெல்லாம் படித்தே தீருகிற மனிதர், திரையில் இருக்கும் கேள்வியைப் படித்துவிட்டால் விடையும் வாயில் வந்துவிடுமோ என்று பயந்து, கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றார். சுவரில் காலண்டர் இருந்தது. அதைக்கூடக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டார். பிள்ளைகள் எழுதி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பின்பக்கம் பாத்தீங்களா?" திரைக்கு ஏது பின்பக்கம் என்று கயல் விளக்கினாள். அவருக்குத் திருப்தி இல்லை.

இருவரும் பாஸானார்கள். மஸ்கட் போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் மதியம் வெயிலில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பஸ் நின்றது. ஜன்னல் சீட்டில் யார் உட்காருவது என்ற தகராறில் கதிர் கயலின் சடையைப் பிடித்து இழுக்க, கயல் டிபன் பாக்ஸால் அவன் முதுகில் ஒன்று போட, கத்திக்கொண்டே இறங்கினார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த இடத்திலேயே இருவரையும் கட்டிக்கொண்டேன். கதிருக்கு ஒரே அவமானம்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் தளவானூர் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு உதவி. அந்த ஜெராக்ஸ்காரர் கிட்ட நீங்களே ஒரு தபா பேசிடுங்க. டெய்லி போன் பண்றாரு எனக்கு."

"எதுக்கு?"

"உங்க பசங்க எறங்கும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு கேக்கத்தான். நேத்து பையன் கொஞ்சம் டல்லா இருந்தான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுக்கு நாலு போன். கிரிக்கெட்ல தோத்துட்டான்னு சொன்ன அப்புறம் தான் உட்டாரு."

எங்களிடம் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அவரு உங்களுக்கு இன்னா வேணும் அக்கா?" என்றார் டிரைவர்.

"அண்ணன்."

"சொந்த அண்ணனா?"

"சொந்த அண்ணன்தான்" என்றேன். நல்லவேளை, அண்ணன் பெயர் என்னவென்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது.