உயிரோடிருக்கிற தம்பிக்கு ஒப்பாரி பாடிய அக்காள் எழுதுவது

அவனியாபுரம்,
4-5-2006

எழுமலையில் நல்ல உடம்போடும் நல்ல நினைவோடும் இருக்கிற என் உடன்பிறந்த தம்பி நல்லகாமனுக்கு, உன் அக்காள் செல்லத்தாய் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே உன் மருமகன் சோணைமுத்துவும் பேத்தி ரோகிணியும் பேரன் சூரியபிரகாஷும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன வாரம் உன் வாசலுக்கு மாலை வந்து, கோடித்துணி வந்து, பாதி ஊர் விழுந்து அழுத பிறகு அதை நான் கேட்டால் நீ இந்தக் கடுதாசியைக் கிழித்துப் போடுவாய். அதனால் கேட்கவில்லை. கிழிக்காமல் கடைசி வரை படி. நான் ஐந்தாம் வகுப்பு பாஸ் செய்தவள், நீ மூன்றோடு நின்றவன். எழுத்துப் புரியாத இடத்தில் உன் பெண்டாட்டி மலையம்மாளிடம் கொடு, அவள் சத்தமாகப் படிப்பாள், அவளுக்குச் சத்தம் சொல்லித் தரவேண்டியதில்லை.

நடந்தது என்னவென்று நீ கேட்கவே இல்லை. "செத்தவன் எப்படிக் கல்யாணத்துக்கு வருவான், ரோகிணி கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

சூரியபிரகாஷ் இஞ்சினியரிங் படிப்பது உனக்குத் தெரியும். அவன் மூன்று சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பாட்டுக் குழு வைத்திருப்பது தெரியாது. இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது இந்த வாசலை மிதித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பாட்டுக்கு பிளாக் மெட்டல் என்று பேர். நார்வே என்கிற குளிர் தேசத்துச் சரக்காம். முகத்தில் வெள்ளையும் கறுப்பும் அப்பிக்கொண்டு, சித்திரை வெயிலில் கறுப்புத் தோல் சட்டை போட்டு, தோளைத் தாண்டிய முடியைச் சிலுப்பிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்துவார்கள். தெருவே காறித் துப்பியது. நான் துப்பவில்லை. ஏன் துப்பணும்? நம்ம கோயில்ல சாமியாடி மேல சாமி இறங்கினா இதே முகம், இதே முடி, இதே சத்தம்தானே? இவன் திருநீறு மட்டும் கொடுக்க மாட்டான், அம்புட்டுத்தான் வித்தியாசம். என் பேரன் மொட்டை மாடியில நின்னு ஒரு கத்து கத்துனா மூணு தெரு நாயும் வாயை மூடிக்கிட்டுப் போயிரும். காலேஜுல முதல் பரிசு வாங்கினான். ஒரு வார்த்தை யாருக்கும் புரியலை, அதனால ஒருத்தருக்கும் மனசு நோகலை. அந்தப் பாட்டு அப்படியே இருந்திருந்தா நீயும் நானும் இன்னிக்கு இந்த நிலைமைக்கு வந்திருக்க மாட்டோம்.

கெடுத்தது மெட்ராஸ்காரன் ஒருத்தன். பாட்டைப் பத்திப் பத்திரிகையில எழுதுறவனாம். வந்து, கேட்டு, தாடியைத் தடவிக்கிட்டு, "இதை நார்வேக்காரன் உங்களைவிட நல்லாப் பண்றான் தம்பி, உங்க வேர் எங்கே?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். அன்னையிலேர்ந்து நாலு பயலும் வேரைத் தேட ஆரம்பிச்சாங்க. தேடுறதுக்கு எங்கே போனாங்கன்னு நினைக்கிற? கொட்டாம்பட்டிக்கு, ஏசி காருல. அங்கே ஒரு உறுமியை வாங்கிக்கிட்டு, ஆளுக்கொரு வேட்டி கட்டி அது மேல பெல்ட்டையும் இறுக்கி, எவனோ ஒரு புண்ணியவானோட நாத்தங்கால்ல இறங்கி நின்னு போட்டோ எடுத்திருக்காங்க. நாத்தை மிதிச்சதுக்கு அந்தாளு வரப்போட வரப்பா விரட்டியிருக்கான். ஓடி வந்து காருல ஏறி, "அப்பத்தா, அந்த ஆளோட கோவத்துல எம்புட்டு உண்மை இருந்துச்சு தெரியுமா"ங்கிறான் உன் பேரன்! நாத்தை மிதிச்சா கோவம் வராம கொழுக்கட்டையா வரும்?

அந்த ஹரிஷ்குமார் இருக்கானே, டிரம்ஸ் அடிக்கிறவன், சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை, வீட்டுல அவுக பாஷை பேசுறவன், நல்ல பதவிசான பையன். அவன் வந்து என்கிட்ட, "பாட்டி, நம்ம மண்ணோட வலி வேணும்"ங்கிறான். மூட்டுல இருக்கு, எடுத்துக்கடான்னேன். சிரிக்கலை, எழுதிக்கிட்டான். என் பூனம் சேலையை மாத்தி கண்டாங்கி கட்டச் சொன்னாங்க, கண்ணாடியைக் கழட்டச் சொன்னாங்க. கண்ணாடியைக் கழட்டிட்டா எனக்கு நீங்க யாருமே தெரிய மாட்டீகளேடான்னேன். "அதான் வேணும் அப்பத்தா, எங்கேயோ பார்க்கணும்"ங்கிறான். மண்வாசனை வேணுமாம். இருபது வருஷமா அவனியாபுரத்துல லேத்துப் பட்டறைக்கு எதுத்தாப்புல குடியிருக்கேன், இங்கே ஏதுடா மண்வாசனை, ஆயில் வாசனைதான்!

அப்புறம்தான் ஒப்பாரி கேட்டாங்க. பிள்ளை கேட்கிறானேன்னு நானும் சரின்னேன், அதுக்காக உள்ள முறையை விடுவேனா? கல்யாணம் வச்சிருக்கிற வீட்டுக்குள்ள ஒப்பாரி வாய் திறக்க மாட்டேன்னுட்டேன். சரின்னு எதுத்தாப்புல இருக்கிற பட்டறைக்கே கூட்டிப் போனாங்க, கூட்டத்துல ஒருத்தன் மருதுவோட அப்பா பட்டறைதான் அது, ஞாயித்துக்கிழமை லேத்து ஓடாது. மைக்கை வச்சு, "ம், அழுங்க பாட்டி"ங்கிறாங்க. முன்னால ஒண்ணுமே இல்லாம எதைப் பார்த்துடா அழுகிறதுன்னேன். உடனே மருது கிடார் வைக்கிற கறுப்புப் பெட்டியை நீளவாக்குல கிடத்தி, அது மேல ரோஜா மாலையும் போட்டான். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நம்ம பெரியப்பா மாதிரியே இருந்துச்சு. ஆனாலும் பேரு வேணும்ல? பேரு சொல்லி அழாத ஒப்பாரி எந்த ஊர்ல இருக்கு? எங்க வீட்டுக்காரரைச் சொல்லலாம்னா, அவர் இருந்த காலத்துலயும் சரி, போன பிறகும் சரி, அவர் பேரை நான் வாயால சொன்னது கிடையாது. ரேஷன் கார்டுக்கே மகன் சோணைமுத்துவை விட்டுத்தான் சொல்ல வச்சேன். அய்யாவுக்கும் ஆத்தாளுக்கும் அழுது முடிச்சாச்சு, முடிச்சவுகளை மறுபடி எழுப்பி அழக் கூடாது. அப்ப யாரு இருக்கா சொல்லு? எனக்குன்னு இருந்து இல்லாமப் போனது நீ ஒருத்தன்தான். நான் நினைச்சுச் சொல்லலை தம்பி, தானா வாயில வந்துருச்சு.

எழுமலைச் சீமையில என் கூடப் பொறந்தவனே,
ஏ நல்லகாமா, எந்திரிச்சுப் போனியே!
முதப் பந்தி தரலேன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு
ஒரு வாய் சோறு திங்காம ஊர் விட்டுப் போனியே!

அதுக்கு மேல எனக்கு நிப்பாட்ட முடியலை. மூணு நிமிஷம் அழுதிருக்கேன். ரோகிணி சடங்குல மருமகளோட அண்ணன்மாரை முதப் பந்தியில வச்சு உன்னை ரெண்டாம் பந்திக்கு நிறுத்தினது தப்புதான், அதைப் பதினோரு வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாதவ அந்தக் கிடார் பெட்டிகிட்டச் சொல்லிட்டேன். நான் மூக்கைச் சிந்துறதுக்குள்ள இவங்க உறுமியும் கிடாருமா இடி இறக்கினாங்க. அந்தப் பாட்டைச் சிடியாப் போட்டு அட்டையில என்ன அடிச்சிருக்காங்கன்னு பாரு: "குரல்: பெயர் தெரியாத கிராமத்து மூதாட்டி." எம் பேரு தெரியாதா? அவனுக்கு வாயில பல்லு முளைச்ச நாள்லேர்ந்து மூணு வேளையும் சோறு போட்டது யாரு? கேட்டா, "பேரு போட்டா ஃபீல் போயிரும் அப்பத்தா"ங்கிறான். செத்தவன் பேரு ஊரோட இருக்கணும், அழுதவ பேரு இருக்கக் கூடாது, இதுதான் இவங்க கண்டுபிடிச்ச வேரு.

மிச்சம் உனக்கே தெரியும், இருந்தாலும் எனக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்றேன். மருது அந்தச் சிடியை எழுமலைக்காரச் சிநேகிதன் ஒருத்தனுக்குக் கொடுக்க, அவன் மைக் செட் வீரணனுக்குக் கொடுக்க, உங்க மேலத்தெருவுல ஒரு கிழவி செத்த வீட்டுல வீரணன் புது ஒப்பாரின்னு நாலு குழாயிலயும் போட்டுவிட்டிருக்கான். ஊரெல்லாம் என் குரல். எழுமலை நல்லகாமா எந்திரிச்சுப் போனியேன்னு கூடப் பொறந்த அக்காளே அழுதா எவன் நம்ப மாட்டான்? அங்கே அழுதுக்கிட்டிருந்த சனம் அப்படியே எந்திரிச்சு, கிழவிக்கு வந்த மாலையையும் தூக்கிக்கிட்டு உன் வாசலுக்கு வந்திருக்கு. நீ முற்றத்துல ஸ்டூல்ல உட்கார்ந்து தலைக்கு மை போட்டுக்கிட்டிருந்தியாம். மலையம்மாள் போன்ல, "மதினி, உங்க தம்பிக்கு நீங்களே கொள்ளி வச்சிட்டீகளே! கொண்டாந்த மாலையை என்ன பண்றதுன்னு தெரியாம அவுக கழுத்துலயே போட்டுட்டுப் போறாக! மை கரைஞ்சு நெத்தியெல்லாம் ஒழுகுது!"ன்னு சொல்லி அழுதா. நடுவுல உண்மையாச் செத்த கிழவி அழ ஆளில்லாமத் தனியாக் கிடந்ததுக்கு அவ மக்கள் வேற உன் மேல கோவமா இருக்காகளாம். சிரிக்கக் கூடாதுன்னு வாயில முந்தானையை வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன்.

ஆனா போனை வச்ச பிறகு சிரிப்பு வரலைடா. வைகாசி பதினெட்டு முகூர்த்தம். சபையில பொறந்த வீட்டுச் சீர் எங்கேன்னு கேட்டா நான் யாரைக் காட்டுவேன்? அந்தக் கிடார் பெட்டியையா? அதை விடு. நான் உனக்கு ஆறு வயசு மூத்தவ. எனக்குத்தான் முன்னால போற வரிசை. அன்னிக்கு நீ கோடிச் சேலை கொண்டுவந்து என் மேல போடணும், அதுதான் முறை. பொறந்த வீட்டுக் கோடி இல்லாம என்னைத் தூக்குனா எனக்குப் போற வழியெல்லாம் அவமானம். உயிரோட இருந்துக்கிட்டே செத்தவன்னு சொல்லிட்டு நீ தப்பிக்கலாம்னு பார்க்காத.

இந்தக் கடுதாசி கண்டதும் கோபத்தை விட்டுவிடு. தெரியாமல் வாய் தவறி நடந்துபோன பிழை இது. இனிமேல் அந்தப் பட்டறைப் பக்கம் என் நிழல்கூடப் போகாது என்று நம்ம குலசாமி மேல் சத்தியம் செய்கிறேன். மலையம்மாளுக்கு என் அன்பு. உனக்கு நூறு வயசு. அதை யாரும் எந்தக் குழாயிலும் மாற்றிப் பாட முடியாது.

இப்படிக்கு,
பெயர் தெரிந்த உன் அக்காள்,
சோ. செல்லத்தாய்

பின்குறிப்பு: ஒண்ணை எழுத விட்டுட்டேன். அந்தப் பாட்டை மூணு தடவை பதிவு செஞ்சாங்க. ரெண்டாம் தடவை சூரியபிரகாஷ், "அப்பத்தா, உசுரோட இருக்கிறவர் பேரு வேணாம், சும்மா தம்பின்னு மட்டும் பாடுங்க"ன்னு கெஞ்சினான். நான்தான் முடியாதுன்னு மூணு தடவையும் உன் பேரையும் ஊரையும் நிறுத்தி, அழுத்திச் சொன்னேன். பதினோரு வருஷமா எட்டுக் கடுதாசி போட்டிருக்கேன், ஒண்ணுக்காவது பதில் எழுதினியா? வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பாட்டு, பட்டறையில பெட்டி தயார், இந்தத் தடவை அட்டையில என் பேரைப் போடுறதாச் சத்தியம் பண்ணியிருக்காங்க. யார் பேரைச் சொல்லி அழுறதுங்கிறதுதான் இன்னும் முடிவாகலை. மலையம்மாள்ங்கிற பேரு ராகத்துக்கு நல்லாத்தான் உட்காருது. கல்யாணத்துல முதப் பந்தி முத இலை உனக்குப் போட்டிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள போன் பண்ணு.