பாபித் தீவுக்குப் பாய் விரித்தவர்

கடலை வென்றே தீருவது என்று ருக்னுதீன் முடிவு செய்தது, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில். ஓட்டுவதற்கு ஈயும் அன்று அதிகம் இல்லை.

1932. மலாயாவின் கிழக்குக் கரையில், மெர்சிங்கில் அடைமழை மாதம். ரப்பர் விலை விழுந்து எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. குளுவாங் ரோட்டை வெள்ளம் முழுங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. சாப்பாட்டுக் கடையில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். அவன் லாரி டிரைவர் சின்னத்தம்பி. ரோடு திறக்கும்வரை போக இடமில்லை அவனுக்கு.

நாற்பத்தாறு வயதில் தன் பேர் சொல்ல என்ன இருக்கிறது என்று ருக்னுதீன் யோசித்துப் பார்த்தார். கறி, பெண்டாட்டி ஜெய்னம்பு வைக்கும் கறி. கடைக்கு ஊர் வைத்த பேர், ஜெய்னம்பு கடை. பலகையில் எழுதியிருப்பது என்னவோ அவர் பேர்தான். மழையில் அதுவும் பாதி அழிந்துவிட்டது. அவருக்கென்று இருந்தது படகு ஒன்றுதான்.

அது ஒரு வெள்ளைக்கார துரையின் படகு. எஸ்டேட்டை மூடிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறியபோது, வாங்க ஆள் கிடைக்காமல், தின்ற ஆட்டுக்கறிக்கு நன்றியாக அதை ருக்னுதீன் தலையில் கட்டிவிட்டுப் போனார். இருபதடி நீளம், ஒற்றைப் பாய்மரம், இரண்டு பேர் படுக்க ஒரு சின்ன அறை. குட்டை, குண்டு, கெட்டி. எந்தக் கடலும் இதை ஒன்றும் செய்யாது என்று துரை அடித்துச் சொன்னார். உள்ளே இருப்பவரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன பாய், துரை சம்பான் ஆத்துல சும்மா கெடந்து பாசி புடிக்குது. கோழியாச்சும் வளக்கலாம்லா," என்றான் சின்னத்தம்பி.

"கோழியா? வர்ற ஞாயித்துக்கெழம பாரு. பாபித் தீவுக்குப் போயிட்டு அன்னைக்கே திரும்புறேன்."

"அலமாக்! இந்தக் காத்துலயா? மலாய்க்காரங்களே படகக் கரையேத்திக் கவுத்துப் போட்டுட்டாங்க பாய்."

"அவங்களுக்குப் பயம். எனக்கென்ன?"

"போகலேன்னா?"

"போகலேன்னா இனிமே இந்தக் கல்லாவுல நான் உக்கார மாட்டேன். ஜெய்னம்பு உக்காரட்டும்!"

உள்ளே மசாலா அரைக்கும் சத்தம் நின்றது.

ருக்னுதீன் கூத்தாநல்லூர்க்காரர். வெண்ணாற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் குளித்ததுதான் அவர் கண்ட பெரிய கடல். நாடு விட்டுக் கப்பலில் வந்த ஏழு நாளும் குப்புறப் படுத்தே வந்தவர். ஜெய்னம்பு நாகூர்க்காரி. அவள் வாப்பா தோணி ஓட்டிய தண்டல். நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். ஆனாலும் மெர்சிங்குக்கு வந்த நாளிலிருந்து கடல் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

உள்ளே போனவரிடம் அவள் சாவதானமாகக் கேட்டாள்.

"மச்சான், ஒன்னு கேக்கணும்."

"போகாதேன்னு மட்டும் சொல்லாதே."

"அதச் சொல்லல. நான் எந்த அறையில இத்தா இருக்கட்டும்? பின்னறையில ஒழுகுது."

கணவன் இறந்தால் பெண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு அடைந்திருக்கும் இத்தாவுக்கு, அந்தக் கணவனிடமே இடம் கேட்டவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"வாயக் கழுவு புள்ள!"

"வெள்ளச் சேலை ரெண்டு எடுத்து வச்சிட்டேன். தேதிதான் யோசனையா இருக்கு."

"என்ன தேதி?"

"நீங்க மௌத்தாகுற தேதி. அது தெரிஞ்சாத்தானே இத்தாவ எண்ண முடியும்? எங்க வாப்பாவும் கூடப் பொறந்த காக்காவும் இதே மாதிரி ஒரு கார்த்திகையிலதான் தோணி எடுத்துட்டுப் போனாங்க. மையவாடியில அடக்கம் பண்ண மையத்துகூடக் கரையேறல. எந்தத் தேதியிலேர்ந்து எண்ணுறதுன்னு தெரியாம எங்க உம்மா மூணு வருசம் வாசலப் பாத்தே உக்காந்திருந்தாங்க."

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அந்த நிமிடமே போகவில்லை என்று சொல்லியிருப்பார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னத்தம்பி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அதனால நானும் வர்றேன்," என்றாள் ஜெய்னம்பு. "கூட இருந்தா தேதியாச்சும் தெரியும்ல?"

"ரெண்டு பேரும் சேந்து மௌத்தாயிட்டா?"

"அப்ப இத்தாவே வேணாம். அறைக்கும் அலைய வேணாம்."



ஞாயிற்றுக்கிழமை வானம் சட்டியடிக் கரியாக இருந்தது. ஜெய்னம்பு வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு சுக்கானைப் பிடித்தாள். ருக்னுதீன் முன்னால் நின்று கட்டளையிட்டார். அவர் இடது என்றால் அவள் வலதில் திருப்பினாள். படகு ஒழுங்காகப் போயிற்று.

ஆற்று வாய் வந்தது. மணல் திட்டைத் தாண்டிக் கடல் பொங்கி வந்துகொண்டிருந்தது. முதல் அலையில் கட்டளை நின்றது. இரண்டாவது அலையில் காலையில் தின்ற இடியாப்பம் வெளியே வந்தது. மூன்றாவது அலைக்கு ருக்னுதீன் அறைக்குள் பாயில் கிடந்தார்.

"அசையாமப் படுத்துக்கிங்க மச்சான். தண்ணி வரும், மூடியச் சாத்திடுறேன்."

உள்ளே இருட்டு. மண்ணெண்ணெய் வாடை. படகு மேலே ஏறும், யோசிக்கும், பிறகு பொத்தென்று விழும். கூடவே அவர் குடலும் விழும். கலிமாவை ஓதினார். பாதியில் வாந்தி வந்தது. மறுபடி முதலிலிருந்து ஓதினார். தன் உம்மாவைப் போலவே ஜெய்னம்பு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது போல மனசுக்குள் தெரிந்தது. ஒரு வெட்டிப் பேச்சுக்காக இவளையும் இழுத்துக்கொண்டு சாக வந்தோமே என்று அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

மூன்று மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கி வட்டக் கண்ணாடி வழியே பார்த்தார். மழைத் திரைக்கு அப்பால் கறுப்பாக ஒரு மேடு தெரிந்தது.

"ஜெய்னம்பு! தீவு! அது தீவுதானே?"

"நீங்க சொன்னாச் சரிதான் மச்சான்."

"எறங்கலாமா?"

"இந்த அலையில எங்க எறங்குறது?"

"அப்ப திருப்பு! திருப்பு!"

இன்னொரு மூன்று மணி நேரம் ஆடி, பொழுது சாய்கிற நேரத்துக்குப் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். அடித்த மழையில் ஊரில் ஒருவரும் தலையை வெளியே நீட்டவில்லை. அவர் காலால் நடக்கவில்லை. ஜெய்னம்பு தோளால் நடந்தார்.

மறுநாள் கல்லாவில் ஒரு புது ருக்னுதீன் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்ன கதையில், காலையில் இரண்டு மாடி உயரம் இருந்த அலை, மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலு மாடி ஆகிவிட்டது. சின்னத்தம்பி வாயைப் பிளந்து கேட்டான். எழுந்து நின்று கையைக் குவித்தான்.

"நான் பேசுனது தப்பு பாய். ரோடு இப்பத் தொறக்காது. வர்ற ஞாயிறு இன்னும் தூரத் தீவு தியோமானுக்கே போலாம். நானும் வர்றேன்."

"தியோமானா? வா! அது நமக்குக் கொல்லைப்புறம்."

"மச்சான், கொஞ்சம் உள்ள வாங்க," என்று குரல் வந்தது.

ருக்னுதீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "போகாதேன்னு சொல்லாதே புள்ள. கடல் எனக்குப் பழகிப்போச்சு."

"சொல்லல. சின்னத்தம்பிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னன்னு?"

"நாம ஆத்து வாயத் தாண்டவே இல்லன்னு. நீங்க படுத்ததும் மணல் திட்டுக்கு உள்ளயே நங்கூரத்தப் போட்டுட்டேன். ஆறு மணி நேரமும் அங்கயேதான் கெடந்து ஆடுனோம்."

ருக்னுதீன் அம்மிமேல் உட்கார்ந்துவிட்டார். நாலு மாடியும் ஒவ்வொன்றாக இடிந்து விழுந்தது. கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் என் ரெண்டு கண்ணால பாத்தேனே, அந்தத் தீவு?"

ஜெய்னம்பு குழம்பைக் கிண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"அது நம்ம ஊரு மையவாடி மேடு மச்சான். அங்க போறதுக்கு உங்களுக்கு இன்னும் நாள் இருக்குன்னுதான் திருப்பிக் கூட்டியாந்தேன்."